நிபுணர் வீசிய துண்டு

படப்பை
7.7.2025

அன்புள்ள சசிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால், "இப்பதான் கேக்க நேரம் கெடச்சுதா" என்பாய். அதனால் கேட்கவில்லை. என் நம்பரை நீ பிளாக் செய்து எட்டு நாளாகிறது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. உன் தம்பி சிவசங்கர் என் கம்பெனியிலேயே இருப்பது நல்லதாகப் போயிற்று. அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பாக்சிங்கில் அலி பெரியவரா, டைசன் பெரியவரா என்று சண்டை போட்டு வல்லக்கோட்டைக்குப் போன பெண்டாட்டி நீ ஒருத்திதான். கீழ்வீட்டுச் சந்திரம்மாள் அக்கா, "இன்னா தம்பி, ஆடி பொறக்கறதுக்குள்ள தாய் வூட்டுக்கு அனுப்பிட்டியா? கண்ணாலம் ஆயி மூணு வருசமாச்சே!" என்று படியில் மறித்துக் கேட்கிறார்.

சரி, அலிதான் பெரியவர். டைசன் இருபது வயதிலேயே சாம்பியன் ஆனவர் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். வந்துவிடு. குக்கர் விசில் அடிக்கமாட்டேன் என்கிறது.

உன் வசந்த்

பி.கு: 19ஆம் தேதி உசிக், டுபுவா ஹெவிவெயிட் சண்டை. யார் ஜெயிப்பார் என்று கம்பெனியில் எங்கள் லைன் முழுக்கக் கேட்கிறார்கள். சும்மாதான் கேட்கிறேன், உனக்கு என்ன தோன்றுகிறது?

*

வல்லக்கோட்டை
9.7.2025

பாக்சிங் நிபுணர் வசந்தகுமார் அவர்களுக்கு,

பின்குறிப்புக்காகத்தான் கடிதமே என்று எனக்குத் தெரியாதா?

இருபது வயதில் சாம்பியன் ஆவது பெரிதா? முப்பத்திரண்டு வயதில் ஃபோர்மேனிடம் ஏழு ரவுண்டு தாக்குப்பிடித்து, எட்டாவதில் அவரைச் சாய்த்தாரே அலி, அது பெரிதா? போகட்டும். நான் கிளம்பி வந்தது அதற்காக இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆட்கள் பிரியாணி சாப்பிட வந்தார்கள். சூப்பர்வைசர் தசரதன் அண்ணன், "ஃபியூரிய உசிக் அடிப்பாருன்னு நம்ம வசந்த் அப்பவே சொன்னாம்பா. ஜோஷுவாவ டுபுவா சாய்ப்பாருன்னும் சொன்னான். எப்டிப்பா?" என்றார். இரண்டையும் பருப்பு தாளித்துக்கொண்டே உங்களுக்குச் சொன்னது யார்? நான் வாயைத் திறந்தேன். "அவளுக்கு பாக்சிங் இன்னா தெரியும்? நீ போயி பச்சடி எத்தா" என்றீர்கள். இப்போது பச்சடியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

சண்டை பார்க்கும்போது ஆளுக்கொரு தாளில் மார்க் போட்டு ஒத்துப்பார்ப்போமே, இதற்கும் போட்டேன். ரவுண்டில் ஜெயித்தவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது. கல்யாணமான மூன்று வருஷமும் எனக்குத்தான் பத்து. பச்சடி ரவுண்டில் உங்களுக்கு எட்டு. அடி வாங்கிக் கீழே விழுந்தவருக்குத்தான் எட்டு போடுவார்கள், தெரியுமல்லவா?

கேன்டீனில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, சொன்னது யார் என்று சொல்லுங்கள். அதுவரை உசிக்கும் கிடையாது, நானும் கிடையாது.

சசிரேகா

*

படப்பை
14.7.2025

அன்புள்ள சசி,

எழுந்து நின்றேன். சத்தியமாக நின்றேன். "நிபுணர் பேசப் போறாரு, கம்முனு இருங்கடா" என்றார் தசரதன் அண்ணன். நாற்பது பேர் சாம்பார் சாதத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். "டுபுவாதான். இருபத்தேழு வயசு, இடி மாதிரி குத்து. உசிக்குக்கு முப்பத்தெட்டு ஆயிடுச்சி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று பழைய அலி சண்டை ஒன்றைப் போட்டு மார்க் போட்டேன். ஒத்துப்பார்க்க இன்னொரு தாள் இல்லை. அழுகை வந்துவிட்டது சசி.

வசந்த்

*

வல்லக்கோட்டை
16.7.2025

வசந்தகுமார் அவர்களுக்கு,

டுபுவாவா? அம்மாவே சிரித்துவிட்டது.

உசிக் இடதுகைக்காரர், நின்ற இடத்தில் நிற்கமாட்டார். அவரைத் தேடிக்கொண்டே டுபுவா களைத்துப்போவார். உசிக்தான். ஐந்தாவது ரவுண்டு.

இதையும் நீங்களே சொன்னதாகச் சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். நான் மறுத்துப் பேசமாட்டேன். ஆனால் வரவும் மாட்டேன். மானமா நானா, நீங்களே முடிவு செய்யுங்கள்.

சசிரேகா

*

படப்பை
21.7.2025

என் சசிக்கு,

சனிக்கிழமை மதியம், சண்டைக்கு முன்னாலேயே, கேன்டீன் பெஞ்சு மேல் ஏறினேன். "டுபுவான்னு சொன்னது நானு. அதனாலதான் அது தப்பு. இதுவரிக்கும் கரெக்டா சொன்னதெல்லாம் எம் பொண்டாட்டி. இப்ப உசிக்குனு சொல்லிகீறா, அஞ்சாவது ரவுண்டு" என்றேன். சிரித்த சிரிப்பில் ஒருத்தனுக்கு மோர் புரையேறிவிட்டது. "அந்தப் பொண்ணையாடா பச்சடி எத்தான்னு சொன்ன, பாவி!" என்று தசரதன் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

ஞாயிறு காலையில் போனைப் பார்த்தேன். உசிக், ஐந்தாவது ரவுண்டு. இன்று லைனில் என்னை நிபுணர் என்று யாரும் கூப்பிடவில்லை. "நிபுணர் வூட்டுக்காரர்" என்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இதோடு ஒரு வெள்ளைத் துண்டு அனுப்பியிருக்கிறேன். ரிங்குக்குள் துண்டு வீசினால் தோல்வியை ஒத்துக்கொண்டதாக அர்த்தம். வீசிவிட்டேன். வா.

வசந்த்

*

வல்லக்கோட்டை
22.7.2025

மாமாவுக்கு,

துண்டு வந்தது. இத்தனை சண்டை பார்த்தும் இது தெரியவில்லையே உங்களுக்கு! அடி வாங்குகிறவன் துண்டு வீசமாட்டான். இதற்கு மேல் இவன் தாங்கமாட்டான் என்று பார்த்து, ரிங்கில் அவன் மூலையில் அவனுக்காக நிற்கிற ஆள்தான் வீசவேண்டும். உங்கள் மூலையில் நிற்பது நான். அதனால் நீங்கள் வீசியது செல்லாது.

துண்டில் ஒரே கிரீஸ் நாற்றம். துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். "ஆடியில புருசன் வூட்டுக்குப் போறாளாம்" என்று அம்மா முணுமுணுக்கிறது. மூணு வருஷப் பழைய பெண்ணுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன? வியாழக்கிழமை ஷேர் ஆட்டோ பிடித்து வருகிறேன். வந்து நானே வீசுகிறேன், உங்கள் மூஞ்சியில்.

குக்கருக்குப் புது ரப்பர் வாங்கி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை தசரதன் அண்ணனையும் மற்றவர்களையும் சாப்பிடக் கூப்பிடுங்கள். பிரியாணி நான் செய்கிறேன். பாக்சிங் பற்றியும் நானே பேசுகிறேன். பச்சடி நீங்கள் எடுத்து வாருங்கள்.

உங்கள் சசி