அம்மாவுக்கு மட்டும் ஒரு படையல்

அக்டோபர் 12, ஞாயிறு

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. முறுக்குக்கு மாவு, ஜன்னல் துணி, வீட்டுக்காரர் மோகனுக்கு வேட்டி. எதுவும் இன்னும் ஆகவில்லை.

பதினோரு மணிக்கு அண்ணன் வந்தார், புக்கிட் செலம்பாவிலிருந்து. அவர் வீட்டுச் சமையலறையை உடைத்துப் போட்ட கண்ட்ராக்டர் ஆளையே காணோமாம். அதனால் இந்த வருடம் தீபாவளிப் படையல் என் வீட்டில். கேட்கவில்லை, சொன்னார். கையோடு அப்பா அம்மா படம். ஒரு பாட்டில் ஸ்டவுட்டு, அப்பா குடித்த கறுப்பு பீர்.

"அப்பாவுக்குப் புடிச்சதெல்லாம் வச்சிரு. ஆட்டெறச்சி, ஸ்டவுட்டு, சிகரெட்டு. ரெண்டு புள்ளைங்கள ஒத்த ஆளா வளத்தவருலா."

"அம்மாவுக்கு?"

"நம்ம சாப்பிடறதுதான் அம்மாவுக்கு."

அவ்வளவுதான் அம்மா. செத்தும் அப்பா என் வீட்டுச் சுவரில் ஏறப்போகிறார். அண்ணன் கிளம்பியதும் படத்தை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் திருப்பி வைத்தேன். மோகன் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷன். சில நேரம் கேட்டால் தேவலை.

அக்டோபர் 14, செவ்வாய்

வெயில். அரை நாள் லீவு. எஸ்.பி. டவுன் கிளினிக்கில் கவுன்சிலர்.

போகவே பிடிக்கவில்லை. ஆனால் ஃபேக்டரியில் அன்றைக்கு யாரோ இரும்பு வாளியைக் கீழே போட, நான் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். லைன் லீடர், மேசைக்கடியில்! என் கீழே வேலை செய்யும் பெண்கள் ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. அதிலிருந்து கிளினிக்.

கவுன்சிலர் மலாய்க்காரம்மா. அவரிடம்தான் முதல் தடவையாகச் சொன்னேன், மலாயில். மலாயில் சொன்னால் வேறு யாருக்கோ நடந்த மாதிரி வந்துவிடுகிறது.

இங்கேயும் எழுதிவிடுகிறேன். எனக்கு ஒன்பது வயது. சிடாம் கிரி பக்கம் ரப்பர் தோட்டம். சாயங்காலம், தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் பைப்படி. அம்மா வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பா குடித்துவிட்டு வந்து தள்ளினார். சிமெண்டு விளிம்பில் தலை. வாளி உருண்ட சத்தம். அப்பா என் முகத்துக்கு நேராக விரலை நீட்டி, "வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லணும்" என்றார். தோட்டமே அப்படித்தான் சொன்னது. அம்மா ஆஸ்பத்திரியில் கண்ணே திறக்கவில்லை.

எழுதிவிட்டேன். கையெழுத்து கோழி கிளறியது போல.

இன்று கவுன்சிலர் கேட்டார், இதைத் தமிழில் யாரிடமாவது சொல்ல முடியுமா என்று. அண்ணன் இருக்கிறார் என்றேன். அவருக்குத் தெரியுமா என்றார். தெரியாது, அவர் அப்போது பந்து விளையாடப் போயிருந்தார், அப்பா என்றால் அவருக்குச் சாமி. "பெலான் பெலான்" என்றார் கவுன்சிலர். மெதுவாகவாம். நாற்பத்தொரு வயதாகிறது, இன்னும் எவ்வளவு மெதுவாக?

திரும்பி வரும்போது காடி ஓட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். "அண்ணே, அப்பாதான் அம்மாவ..." அதோடு நின்றுவிட்டது. நாக்கு புரளவே இல்லை. சிவப்பு விளக்கில் பக்கத்து மோட்டார்க்காரன் உற்றுப் பார்த்தான். பைத்தியம் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

அக்டோபர் 16, வியாழன்

மூட்டம். மாலை ஷிஃப்டு, அதனால் காலையில் கோலா கெத்தில் போய் வந்தேன். படத்தின் பின்னால் சீட்டு ஒட்டியிருந்த போட்டோக் கடை அங்கேதான்.

கடைக்காரர் வயசாளி. படத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"இது நான் செஞ்ச படமாச்சே! அம்மாவுக்கு அடையாளக் கார்டு, ஐசி படந்தான் இருந்திச்சு. பட்டுச் சேல நான்தான் போட்டு வுட்டேன். தலயக் கூட லேசா அப்பா பக்கம் சாச்சு வச்சேன். நல்லாருக்குல்ல?"

பெருமையாகச் சொல்கிறார் மனுஷன். அவர் மேல் தப்பில்லை, ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது.

"பிரிச்சுக் குடுங்கண்ணே. அம்மா மட்டும் போதும்."

"எல்லாரும் சேத்துக் குடுன்னுதாம்மா வருவாங்க. பிரிக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீதான். அப்பா ஒன்னும் நெனச்சுக்க மாட்டாரா?"

"நெனச்சுக்கட்டும்."

சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். அப்பாவைப் பற்றி இந்த மாதிரி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து தமிழில் வந்ததே இல்லை.

பட்டு வேண்டாம் என்றேன், அம்மாவிடம் பட்டே கிடையாது. ஐசி படத்தில் இருந்த வாயில் சேலை போதும். தலையையும் நேராக வைக்கச் சொன்னேன். பெரியவர் ரசீது எழுதிக் கொடுத்தார். "சனிக்கெழம வாம்மா" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை, புண்ணியவான்.

அக்டோபர் 18, சனி

மழை, வெயில், மழை. பசாரில் கால் வைக்க இடமில்லை. மீன், வாழையிலை, கற்பூரம். பூ மறந்துவிட்டேன், மறுபடி போய் வந்தேன்.

படம் வந்துவிட்டது. அம்மா நேராகப் பார்க்கிறார். என்னைவிட எவ்வளவு சின்னவர்! காடிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நன்றாக அழுதேன்.

அம்மாவுக்கு என்ன பிடிக்கும்? தெரியவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். அப்பாவுக்கு எந்த ஸ்டவுட்டு, எந்த சிகரெட்டு எல்லாம் எனக்கு அத்துப்படி. வெட்கமாக இருக்கிறது. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைக்கப்போகிறேன்.

அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று போன் போட்டேன். அண்ணி எடுத்தார். முறுக்கு அச்சு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். என் வீட்டில் இரண்டு அச்சு இருக்கிறது. கோழை.

மோகனிடம் சொன்னேன்: "நாளைக்கு அண்ணன்கூட சண்ட வரும். நடுவுல வராதீங்க."

"சரி. பக்கத்துல நிக்கலாமா?"

"நிக்கலாம்."

அக்டோபர் 19, ஞாயிறு

படையல். எழுதி முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

அண்ணன் ஐந்து மணிக்கு வந்தார். அண்ணிக்குக் காய்ச்சலாம், தனியாகத்தான் வந்தார். சாமி ரூமில் அம்மா படத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அப்பா எங்க?"

"அப்பாவுக்கு இங்க எல போடல அண்ணே. போடணும்னா நீங்க உங்க வீட்ல போட்டுக்குங்க."

"கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? ஆளுங்க என்னா பேசுவாங்க? மோகன், என்னாலா இது?"

மோகன் என் பக்கத்தில் நின்றார். அண்ணன் அம்மாவின் இலையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. கற்பூரத்தைக் கொளுத்திக் காட்டினார். "அம்மா, வாங்க" என்று கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு மூவரும் வாசல் போர்ச்சில் வந்து நின்றோம். செத்தவர்கள் வந்து சாப்பிடும் நேரம் அது. கொஞ்ச நேரம் காத்திருந்து, தட்டிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

நல்ல மழை. அண்ணன் என்னைப் பார்க்காமல், "இப்பச் சொல்லு, ஏன்?" என்றார்.

"அம்மா வழுக்கி விழல. அப்பா தள்ளினாரு. நான் பாத்தேன்."

வந்துவிட்டது. தமிழில். இடி எதுவும் விழவில்லை. மோகன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நான் பந்து வெளாட்டுலேருந்து பாதியிலயே வந்துட்டேன், வசந்தி. கோழிக் கூண்டுக்குப் பின்னால நின்னுகிட்டிருந்தேன்."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று.

"தெரியுமா ஒங்களுக்கு? தெரிஞ்சுமா இத்தன வருசமா அவருக்கு ஆட்டெறச்சி வச்சீங்க?"

"நல்லா வளத்தாரு, நல்லா வளத்தாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தா, அது நடக்கலன்னு ஆயிடும்னு நெனச்சேன். நீ பாக்கலன்னு நெனச்சேன். நீ பாத்திருக்கக் கூடாதுன்னு..."

ஓங்கி அறையலாம் போலத்தான் இருந்தது. ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு, இரண்டு பேரும் இப்படி. ஆனால் ஐம்பதை நெருங்குகிற மனுஷன் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார். தோளைத் தொட்டேன். கோபம் போகவில்லை. இன்னும் இருக்கிறது.

மழை கொஞ்சம் விட்டது. "நேரமாச்சுலா, தட்டலாமா?" என்று மோகன் மெதுவாகக் கேட்டார். நான் கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும். அம்மா பயமில்லாம சாப்பிடட்டும்."