சோழிக்குக் காப்பீடு, கேப்டனுக்கு நான்

என் அன்பு மாப்பிள்ளை லூர்து,

நான் படகில் கயிறு பிடிக்க, நீ கீழே சங்கு எடுத்த அத்தனை வருஷத்தில் உனக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. தேவைப்படவில்லை. கயிற்றைச் சுண்டினால் நான் சொல்வது உனக்கு விளங்கும், நீ சொல்வது எனக்கு விளங்கும். இப்போது எந்தக் கயிற்றைச் சுண்ட? அதனால்தான் எழுதுகிறேன். எழுதி நம் கோயில் பங்கு மலரில் போடக் கொடுக்கப்போகிறேன். திரேஸ்புரத்தில் நம் வீட்டைப் பற்றி ஆளுக்கொரு பேச்சுப் பேசுகிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முன்னால் உன் முதலாண்டு நினைவு வந்தது. பூசை வைத்தோம். உன் பெயரைச் சாமியார் வாசித்தபோது என் தங்கச்சி பிலோமி அழவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் அசனம் போடவில்லை. ஊரைக் கூப்பிட்டு உன் பெயரில் சோறு போடவில்லை. இதுதான் பேச்சு.

கோயில் வாசலிலேயே உன் அண்ணன் மிக்கேல் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னலே அந்தோணி, எந் தம்பி பேர்ல ஒரு கை சோறு கிடையாதா? நாய் வயித்தைத் தைக்கதுக்குத் துட்டு இருந்துச்சி, ஊர் வயித்துக்கு இல்லியோ?"

"ஆமாண்ணே. நாய் வயித்தைத் தைச்சதும் உங்க தம்பி பேர்லதான்" என்றேன். அதிலிருந்து மனுஷன் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும். எனக்கும் காது கொஞ்சம் ஓய்வெடுக்கும்.

நடந்ததை உனக்குச் சொல்லவேண்டும். போன மார்கழியில் உன் நாய் கேப்டன் தூண்டில் முள்ளை விழுங்கிவிட்டான். கரையில் எவனோ மீன் தலையைக் கோர்த்தபடி முள்ளைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இவன் உன்னிடம் வளர்ந்தவன் அல்லவா, மீன் தலையைக் கண்டால் ஜெபம் சொல்லிவிட்டா தின்பான்? வாயிலிருந்து நூல் தொங்க வீட்டுக்கு வந்து பிலோமி காலடியில் நின்றான். அக்கம்பக்கத்தார் கூடி, இழு இழு என்றார்கள். நான் ஒருவனையும் தொடவிடவில்லை. எப்போது இழுக்கவேண்டும் என்பதைவிட எப்போது இழுக்கக்கூடாது என்பதைத்தான் உன் கயிற்றைப் பிடித்து நான் கற்றேன்.

லோடு ஆட்டோவில் போட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். படம் எடுத்துப் பார்த்தால் முள் வயிற்றில் குத்திக்கொண்டு நிற்கிறது. டாக்டர் நல்ல பிள்ளை. தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "வயசான நாய்மா. கிழிச்சுத்தான் எடுக்கணும். செலவும் ஆகும். வெளியே உக்காந்து யோசிச்சுச் சொல்லுங்க."

பிலோமி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். உனக்காக உட்கார்ந்திருந்தாளே, அதே மாதிரி ஒரு பெஞ்சு. அன்றைக்கும் இப்படித்தான், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள். காப்பீட்டுக்காரன் முடியாது என்று சொல்லியாகிவிட்டது, மேற்கொண்டு வைத்தியம் பார்ப்பதா வீட்டுக்குக் கூட்டிப்போவதா என்று அவளிடம் கேட்டார்கள். அந்தக் கேள்வியை ஒரு பெண்டாட்டியிடம் கேட்கலாமா? கேட்டார்கள். அன்றைக்கு அவள் யோசித்தாள். நாங்கள் பணம் புரட்டி முடிப்பதற்குள் நீ போய்விட்டாய்.

இந்தத் தடவை அவள் பெஞ்சு சூடாகும்வரைகூட உட்காரவில்லை. எழுந்து உள்ளே போய், "யோசிக்க என்ன இருக்கு? கிழிங்க" என்றாள். டாக்டர் பயந்துவிட்டார்.

உன் அசனத்துக்கென்று அவள் சேர்த்துவைத்திருந்த பணம் அப்படித்தான் போனது. இப்போது ஊருக்குத் தெரிந்திருக்கும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

கேப்டன் பிழைத்துக்கொண்டான். மழித்த வயிற்றில் முடி வெள்ளையாக முளைத்திருக்கிறது, உன் தாடியைப் போல.

பிறகு உன் மகன் அருள் கப்பலிலிருந்து பேசினான். நாய்களுக்கும் மருத்துவக் காப்பீடு இருக்கிறது, இவன் கூட வேலை பார்க்கிறவன் எடுத்திருக்கிறானாம், நாமும் எடுத்துவிடுவோம் என்றான். பிலோமி அதைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு தடவை அந்தப் பெஞ்சில் உட்காரமாட்டேன் என்றாள். வேறு காரணமே சொல்லவில்லை.

நான் முடியாது என்றேன். உனக்கு ஆச்சரியமாக இராது.

உனக்கும் அருள்தானே காப்பீடு எடுத்தான்? வருஷம் தவறாமல் கட்டினானே? நீ மூச்சு வாங்கிப் படுத்தபோது அவர்கள் என்ன சொன்னார்கள்? நுரையீரல் முன்னாலேயே கெட்டிருக்கிறது, அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டீர்கள் என்றார்கள். கடலடியில் வேலை செய்கிறவன் என்று நாம் யாரிடம் மறைத்தோம்? நம் தெருவில் ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். அவர்கள் கேட்கவில்லை. நாம் சொல்லவில்லை. கேட்காதது அவர்கள் குற்றம் இல்லையாம், சொல்லாதது நம் குற்றமாம். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான் நான். பேப்பர் படித்துப் படித்தே எழுத்துக் கற்றவன். ஆனால் இது நியாயம் இல்லை என்று தெரிய எத்தனை வகுப்புப் படிக்கவேண்டும்?

அதுவும் இல்லாமல் எனக்கு இன்னொரு கணக்கு இருந்தது. முத்துக்குளித்த காலத்திலிருந்து நம் கரையில் உள்ள வழக்கம்தானே? மூழ்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்கவேண்டும். கூலிக்கு வந்தவன் பிடித்தால் அவன் கவனம் கரையில் இருக்கும். மச்சான் பிடித்தால், கீழே இருப்பவன் வராவிட்டால் தாலி அறுப்பது தன் தங்கச்சி என்ற நினைப்பு அவனுக்கு இருக்கும். அதனால்தான் உன் கயிறு என் கையில் இருந்தது. அந்தக் கம்பெனியில் இருக்கிறவன் எவனுடைய தங்கச்சி நம் வீட்டில் வாழ்கிறாள்? நாம் மூழ்கினால் அவனுக்கு என்ன? இதைச் சொல்லித்தான் மாதக்கணக்கில் மறுத்துக்கொண்டிருந்தேன்.

உன் நினைவுப் பூசை முடிந்த வாரம், பிலோமி என்னிடம் சொல்லாமலே ஆளை வரவழைத்துவிட்டாள். பலசரக்குக் கடை அண்ணாச்சி மகள் கனியை உனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு காப்பீட்டு ஏஜெண்டாக இருக்கிறாள். பையும் கையுமாக வந்து உட்கார்ந்தாள். நம் சின்ன நாய் சோழி அவள் செருப்பில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. நல்ல தொடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, முதல்லயே சொல்லிருதேன். கேப்டனை எடுக்க மாட்டாங்க. வயசு தாண்டிட்டு. ஆபரேசனும் ஆயிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "பாத்தியா ஏளா? நல்லா நீந்துதவனுக்குத்தான் கயிறு போடுவாங்களாம். முங்குதவனுக்குக் கிடையாதாம்."

பிலோமி என்னைப் பார்க்கவே இல்லை. "சோழியை எடுப்பாங்களா? அது தெருவில கெடந்த நாட்டு நாய்லா?"

"எடுப்பாங்கக்கா. கேட்டுட்டுத்தான் வந்தேன். ஊசி போட்ட சீட்டு வேணும். டாக்டர் பாத்து நல்லா இருக்குன்னு எழுதித் தரணும். முகத்தையும் ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுக்கணும்."

"ரேகை எடுக்க வேண்டாமா?" என்றேன். "நாலு காலு இருக்கு."

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டாள். அதனால்தான் அடுத்ததை நேராகக் கேட்டேன். "எப்ப கொடுப்பாங்கன்னு சொல்ல வேண்டாம் தாயி. எப்ப கொடுக்க மாட்டாங்க, அதைச் சொல்லு."

கனி மழுப்பவில்லை. அதை நான் ஒத்துக்கொள்ளவேண்டும். எடுத்த உடனே வருகிற நோய்க்குக் கிடையாது, கொஞ்ச நாள் பொறுக்கவேண்டும். ஊசி போடாமல் விட்டு அதனால் நோய் வந்தால் கிடையாது. வருஷா வருஷம் புதுப்பிக்காமல் விட்டால் கிடையாது. "அப்புறம், முன்னாலயே இருந்த நோய்க்குக் கிடையாது" என்றாள்.

முன்னாலேயே. அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். "காப்பி குடிச்சிட்டுப் போயிட்டு வா தாயி. இந்த வீட்ல அந்தப் பேச்சு ஒரு தடவை கேட்டது போதும்."

"உக்காருண்ணே" என்றாள் பிலோமி.

"என்னத்துக்கு உக்கார? அவனுக்கு நம்ம வீட்ல தங்கச்சி இருக்காளா?"

"சரி. உன் மாப்பிள்ளைக்குக் கீழ காத்துக் கொடுத்திச்சே ஒரு மிசினு, அதுக்கு எந்தத் தங்கச்சி இருந்தா?"

நான் வாசலைப் பார்த்துத் திரும்பினேன்.

"சொல்லுண்ணே. ஓட்டை மிசினு. டீசல் அடைச்சா நிக்கும், தண்ணி பட்டா நிக்கும். அதை நம்பித்தானே அவரை இறக்கிவிட்ட?"

"மிசினை நம்பி இறக்கலை ஏளா. மிசின் பக்கத்துல நான் உக்காந்திருந்தேன்லா!"

"இதுக்கும் உக்காரு" என்றாள்.

கனி காப்பி டம்ளரைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிலோமி குரலை உயர்த்தவில்லை. "கேப்டனுக்கு நீ இருக்கண்ணே. அது காலம் முடியிற வரைக்கும் நீயும் இருப்ப, நானும் இருப்பேன். சோழிக்கு ரெண்டு வயசுகூட ஆகலை. நமக்குப் பெறகு அதை யாரு பாப்பா? அருள் கப்பல்ல கெடப்பான். எவனாவது ஒரு டாக்டரு எவகிட்டயாவது யோசிச்சுச் சொல்லும்பான். அவ யோசிப்பா."

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் மாப்பிள்ளை? சண்டை நடுவில் நீ வெளியே போய்ப் படகுக்குச் சாயம் அடிக்கிறவன். உன்னிடம் கேட்டுப் பயனில்லை.

நான் உட்கார்ந்தேன். தோற்றுப்போய் உட்காரவில்லை, அதை எழுதிவிடுகிறேன். அந்த மிசினை நான் ஒருநாளும் நம்பியதில்லை. அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். சத்தம் மாறினால் அது நிற்பதற்கு முன்னாலேயே உன்னைத் தூக்கியிருப்பேன். ஆனால் அந்த மிசின் இல்லாமல் நீ கீழே அவ்வளவு நேரம் இருந்திருக்க முடியுமா? நம்பாமலே ஒன்றைப் பயன்படுத்தலாம், பக்கத்தில் ஆள் இருந்தால். இத்தனை வருஷம் செய்த வேலை, எனக்கு ஏன் தோன்றவில்லை?

"எழுது" என்றேன் கனியிடம். "ஆனா நான் சொல்லுததை எல்லாம் எழுதணும். சோழி குட்டியா இருக்கையில சொறி இருந்திச்சி. அதை எழுது."

"அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? சரியாயிட்டுல்லா?"

"எழுது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கும், பைக்குக்காரன் இடிச்சது. அதையும் எழுது. கடக்கரையில வளருது, கண்டதைத் திங்கும். அதுக்கும் இடம் இருந்தா எழுது. நாளைக்கு எவனும் மறைச்சிட்டீயள்னு சொல்லப்படாது."

இடம் இல்லாத இடத்திலும் எழுதவைத்தேன். சொறிக்கும் காலுக்கும் கிடைக்காமல் போகலாம் அண்ணாச்சி என்றாள். போகட்டும் என்றேன். அதற்கு நான் இருக்கிறேன்.

பிறகு போட்டோ. சோழியை நிறுத்தினால் கேப்டன் குறுக்கே வந்துவிடுகிறான். எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஓரத்தில் அவன் வால். "கேப்டனைப் பிடிங்க அண்ணாச்சி" என்று கனி கத்தினாள். நான் அவன் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிழட்டு நாய்க்கு என்ன பலம்! தன்னை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் கனி கேட்டாள். "உரிமையாளர் பேரு?"

"லூர்து" என்றாள் பிலோமி, கேட்ட வாய் மூடுவதற்குள்.

கனி பேனாவை நிறுத்தினாள். "அக்கா, இருக்கிறவங்க பேருதான் போடணும்."

பூசையில் உன் பெயரைச் சொன்னபோது வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சோழி மறுபடியும் கவ்வியிருந்த செருப்பைப் போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடியது.

"அந்தோணின்னு போடு" என்றேன். "அடுத்த வருஷம் நான் இல்லைன்னா அருள் பேரை எழுதிக்கோ. ஆனா இந்த வருஷம் சண்டை வந்தா எங்கூடத்தான் வரணும்."

"உங்ககூடயா? அதுக்கு அவங்க துட்டைக் கொடுத்திருவாங்க அண்ணாச்சி" என்றாள் அந்தப் பிள்ளை.

இவ்வளவுதான் மாப்பிள்ளை, ஊர் பேசுகிற கதை. கேப்டனுக்கு எந்தக் கம்பெனியும் இல்லை, நான்தான் கம்பெனி. நீ காலமெல்லாம் சொல்லியும் விடாத பீடியை விட்டுவிட்டேன். அந்தக் காசு அவனுக்கென்று தனியாகப் போகிறது. மிக்கேல் அண்ணனுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், படிப்பார் என்று தெரியும். உங்கள் தம்பி பெயரில் அசனம் கட்டாயம் உண்டு. காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து அவருக்கு வரவேண்டிய ஆஸ்பத்திரிப் பணம் வந்த அன்றைக்குப் போடுவோம். அவர்கள் மறுத்ததற்கு மறுப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுவேன். அவர்களுக்கு ஓய்வு பெறும் வயது உண்டு. எனக்குக் கிடையாது.

உனக்கு என் வாக்கு இது: பிலோமியை இனி யாரும் அந்தப் பெஞ்சில் உட்காரவைத்து யோசித்துச் சொல்லச் சொல்லமாட்டார்கள். மிசின் ஓடட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், சத்தத்தைக் கேட்டுக்கொண்டு.

கயிற்றை இன்னும் கையில் வைத்திருக்கும்
உன் பெண்டாட்டியின் அண்ணன்,
உன் மச்சான் அந்தோணி