இரண்டாவது ஆள்

கில்வோர்
5 நவம்பர் 2018

அன்புள்ள கேர்ன்ஸ் மேடம்,

நலம்தானே? கப்பலில் வாந்தி எடுக்காமல் கிளாஸ்கோ போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் தீவுக்கு வருகிற அதிகாரிகளுக்கு அந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை.

வீட்டுப் பராமரிப்புத் திட்டம் எழுதியபடி நடக்கிறதா என்று படிவத்தில் டிக் போடாமல் கடிதமாக எழுதச் சொல்லி, தபால்தலைகளும் கொடுத்துவிட்டுப் போனீர்கள். திட்டப்படி நடக்கிறதா தெரியாது, திட்டுப்படி எல்லாம் நடக்கிறது. அம்மா என்னைத் திட்டுகிறாள், நான் நாயைத் திட்டுகிறேன், நாய் தபால்காரரைத் திட்டுகிறது.

மற்றபடி நீங்கள் வந்த அன்று பார்த்ததுதான். டோலினா, கதரீனா என்று பராமரிப்பாளர்கள் இருவர். கால் விளங்காத அம்மாவை வார்ப்பட்டையில் உட்கார வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தூக்கும் இயந்திரத்தால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றினார்கள். குளிப்பாட்டினார்கள். முக்கால் மணி நேரம். கடைசியில் உட்கார்ந்து பேச வேண்டும் என்றுகூடத் திட்டத்தில் இருக்கிறதாமே, பேசினார்கள். மழையைப் பற்றி.

உங்களுக்கு எழுதப்போகிறேன் என்றதும் டோலினா தேநீரை நின்றபடியே குடித்து முடித்து, "எழுது. நான் நல்லாப் பாடுவேன்னு மட்டும் எழுது" என்றாள். எழுதிவிட்டேன். பாட்டு சுமார்தான்.

குறும்புடன்,
எய்லி


கிளாஸ்கோ
19 நவம்பர் 2018

அன்புள்ள எய்லி,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். ஆனால் ஒன்று. நான் வந்த அன்று கதரீனா வார்ப்பட்டையின் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தாள். உன் கை நேராக அதன்மேல் போனது. அம்மா ஒரு பார்வை பார்த்ததும் இழுத்துக்கொண்டாய். மற்ற நாட்களில் அந்தப் பக்கத்தை யார் பிடிக்கிறார்கள்?

யார் பெயரும் என் அறிக்கையில் வராது. ஆளைப் பிடிப்பது என் வேலை இல்லை. காகிதத்தில் இருக்கிற திட்டம் அப்படியே வீட்டுக்குள் வந்து சேருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்தால் அடைப்பார்கள்.

அன்புடன்,
ரோனா கேர்ன்ஸ்


கில்வோர்
14 ஜனவரி 2019

அன்புள்ள கேர்ன்ஸ் மேடம்,

தாமதத்துக்கு மன்னியுங்கள். உங்கள் கேள்வி இத்தனை நாளும் மேசைமேல் கிடந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தை நான்தான் பிடிக்கிறேன். அம்மாவைத் தூக்க வேண்டுமானால் முதலில் என் தூக்கத்தை விட வேண்டும். பள்ளியில் முதல் பாடவேளை என்னவென்று எனக்குத் தெரியாது. கணக்கு என்று கேள்வி.

கதரீனா கெட்டவள் இல்லை. அவள் தீவுக்குள் கடல் நுழைந்திருக்கிற கழிக்கு அந்தக் கரையில் இருக்கிறாள். எங்கள் சமையலறை ஜன்னலில் நின்று கையசைத்தால் அவளுக்குத் தெரியும். திட்டத்தை வகுத்த புண்ணியவான் வரைபடத்தின்மேல் அளவுகோலை வைத்து, ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவாள் என்று எழுதிவிட்டார். நடுவில் தண்ணீர் இருக்கிறது மேடம். கழியைச் சுற்றி வருகிற ஒற்றைச் சாலையில், ஆடுகள் வழிவிட்டால், ஐம்பது நிமிடம். அந்த நேரத்துக்குச் சம்பளமும் கிடையாது.

அதனால் கரையைப் பிரித்துக்கொண்டார்கள். இந்தக் கரை டோலினாவுக்கு, அந்தக் கரை கதரீனாவுக்கு. வரும்போதும் போகும்போதும் கதவிலிருக்கிற அட்டையில் கைபேசியைத் தொட்டால்தான் வருகைப் பதிவு. எங்கள் பின்கதவு அட்டை கதரீனாவின் காரில் ஒட்டியிருக்கிறது. அங்கே கிழவர் முர்டோவைக் குளிப்பாட்டுகிற நேரத்திலேயே எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டுப் போகிறாள். பேய்கூடக் கொஞ்சம் சிரமப்படும். ஒரு தடவை முன்கதவு அட்டையை நான் நாயின் கழுத்தில் கட்டிவிட்டேன். டோலினா கைபேசியை நீட்டிக்கொண்டு கோழிக்கூண்டைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். அம்மா அன்று சிரித்ததுபோல நான் பார்த்ததில்லை.

போன வாரம் எனக்குத் தேர்வு. டோலினா தனியாகத் தூக்கினாள். ஒரு பக்கக் கொக்கி கழன்று அம்மா விழுந்துவிட்டாள். இடுப்பு முழுக்கக் கறுத்திருக்கிறது. டோலினா தரையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாளாம். அம்மாதான் அவளைப் பாடச் சொன்னாளாம்.

நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "வேணாம் எய்லி. இப்ப ஒருத்தியாவது வர்றா. நீ எழுதினா என்னையே தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றாள். ஒழுகுகிற இடத்தை அடைப்பார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

அடைப்பார்கள்தானே?

எய்லி


கிளாஸ்கோ
1 பிப்ரவரி 2019

அன்புள்ள எய்லி,

அறிக்கையை அனுப்பிவிட்டேன். கழி, சாலை, சம்பளம் இல்லாத பயண நேரம் எல்லாம் அதில் இருக்கிறது. உன் ஆடுகளைக்கூட விடவில்லை. கரைக்கு இருவர் வேண்டும், பயணத்துக்கும் சம்பளம் வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல். நீ முதல் பாடவேளைக்குப் போகிற நாள் தூரத்தில் இல்லை.

அன்புடன்,
ரோனா


கிளாஸ்கோ
22 மார்ச் 2019

அன்புள்ள எய்லி,

அலுவலகக் கடிதம் உங்களுக்கும் வந்திருக்கும். நான் எழுதிய அறிக்கையில் "திட்டமிட்டபடி வழங்கப்படவில்லை" என்ற முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். ஓடாத திட்டத்துக்குப் பணம் எதற்கு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். அதோடு திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். மேலிடத்துக்கு எழுதினேன், நேரிலும் போய் நின்றேன். உன் அம்மாவுக்குப் பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்ததே பெரிது என்று என்னிடம் சொன்னார்கள்.

அடைக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியும். அடைப்பார்கள் என்று உனக்கு எழுதிவிட்டேன்.

விடுமுறையில் வந்து உன்னைப் பார்க்கலாமா?

ரோனா


கில்வோர்
10 ஏப்ரல் 2019

கேர்ன்ஸ் மேடம்,

நேற்று அம்மாவைக் கப்பலேற்றித் தீவுக்கு வெளியே இருக்கிற அந்த இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் பள்ளி விடுதிக்குப் போகிறேன். நாய் டோலினாவிடம். அவளுக்கு வேலை போய்விட்டது, நாயோடு ஓட நேரமிருக்கிறது.

நீங்கள் இல்லாததால் நானே பார்த்து எழுதுகிறேன். நேற்றுக் காலை கதரீனா கழியைச் சுற்றி வந்தாள். அவளும் டோலினாவும் சேர்ந்து உள்ளே வந்ததைப் பார்த்து அம்மா, "ரெண்டு பேருமா? யாருக்குச் சாவு?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நான் கதவோரம் நின்றேன். குளிப்பாட்டினார்கள், தலை வாரினார்கள். பிறகு டோலினா உட்கார்ந்து தேநீர் குடித்தாள். மழையைப் பற்றிப் பேசினார்கள். முக்கால் மணி நேரம் ஆனதும் வண்டி வந்தது.

எல்லாம் எழுதியபடியே நடந்தது. குறித்துக்கொள்ளுங்கள்.

வர வேண்டாம். நீங்கள் கொடுத்ததில் மீதித் தபால்தலைகளை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.

எய்லி