முதல் பஸ்ஸும் ராகு காலமும்

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. தெருவில் தண்ணீர் விடவில்லை. முடிச்சூர் மெயின் ரோடு வரை இவர் ஸ்கூட்டரில் கொண்டுவிட்டார். வழி முழுக்க உபதேசம். "நேத்தே புடவைய அயர்ன் பண்ணி வச்சிருந்தா லேட்டாகுமா ஸ்டெல்லா?" ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர்கூட இவ்வளவு நேரம் பேசமாட்டார். கல்யாணமான நாள் முதல் பின்சீட்டில் உட்கார்ந்து இந்தப் பிரசங்கம். எனக்கு வண்டி ஓட்ட வராது. காலனிக்குள் ஒரு பஸ் வந்தால் யாரையும் கெஞ்சாமல் ஸ்கூலுக்குப் போவேன். வேறு ஆசை கிடையாது. (வாஷிங் மெஷின் தவிர.)

வாங்க: தக்காளி, சிவப்புப் பேனா, கொசுவத்தி.

நவ. 7, வெள்ளி

அரை நாள் லீவு. டிப்போவுக்குப் போனோம். காலனி சங்கத் தலைவர் ரங்கநாதன் சார், பக்கத்து வீட்டு மாலதி அக்கா, நான். பஸ் கேட்கப் போனது அக்கா மகனின் காரில்! வாட்ச்மேன் சும்மா விடவில்லை. "இன்னா சார், கார்ல வந்துகினு பஸ் கேக்குறீங்க?" சார் காதில் விழாத மாதிரி நடந்தார்.

அதிகாரி நல்ல மனுஷர். "திங்கள்லேர்ந்து ஒரு வாரம், காலைல எட்டு மணிக்கு வண்டி விடறேன். ஆள் ஏறலைன்னா நிறுத்திடுவேன். அப்புறம் மனு எடுத்துக்கிட்டு வராதீங்க."

அழுகை வந்தது. டீ குடித்து அடக்கினேன்.

நவ. 9, ஞாயிறு

சர்ச்சிலும் பஸ் நினைப்பு. சாயங்காலம் சங்கக் கூட்டம். மாலை யார், தேங்காய் யார், போட்டோ யார் என்று ஒரே சண்டை. கேசரி என் தலையில். வாழைமரம் வேண்டாம் என்றதற்கு ரங்கநாதன் சார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஏறுவது யார் என்று மட்டும் யாரும் பேசவில்லை. எல்லாரும்தானே ஏறுவார்கள்.

நவ. 10, திங்கள்

வெயில். சொன்னபடி எட்டுக்குப் பஸ் வந்தேவிட்டது. கை தட்டினோம். ரங்கநாதன் சார் மாலையோடு ஓர் அடி எடுத்து வைத்தார். மாலதி அக்கா கத்தினார்: "சார், நில்லுங்க! திங்கக்கிழமை. ஏழரை ஒன்பது ராகு காலம்!"

அவ்வளவுதான். மாலை, தேங்காய், ஜனம் எல்லாம் அப்படியே நின்றது. ஆளுக்கு ஒரு தினசரி காலண்டர் வீட்டில் தொங்குகிறது, ஒருத்தரும் பார்க்கவில்லை! சார் கண்டக்டரிடம் போய்க் குழைந்தார். "ஒன்பது வரைக்கும் வண்டி நிக்கட்டுமே."

"இது இன்னா சார், மாப்ள அழைப்பா? டைமாச்சு."

மாலதி அக்கா என்னைத் தள்ளினார். "நீயாவது ஏறு ஸ்டெல்லா. உங்களுக்குத்தான் ராகு காலம் கிடையாதே!"

ஏறினேன். ஒரே ஆள். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "நல்ல கலெக்‌ஷன்" என்றார். பாவம். டிரைவருக்கும் அவருக்கும் கேசரி கொடுத்தேன். ஜன்னலோரம், காற்று, உபதேசம் இல்லை. சொர்க்கம். ஆனால் அதிகாரி சொன்னது நினைவு வந்தது: ஆள் ஏறலைன்னா நிறுத்திடுவேன்.

சாயங்காலம் நேராக ரங்கநாதன் சார் வீடு. வீட்டுக்கு வீடு கேட்கும்படி கத்தினேன். "நாளைக்கு ராகு காலம் மத்தியானம் மூணு மணிக்குத்தான். நானே காலண்டர் பார்த்துட்டேன். ஒருத்தர் விடாம ஏறணும்!" வேதக்கார டீச்சர் ராகு காலம் சொல்கிறாள் என்று மாலதி அக்காவுக்கு ஒரே சிரிப்பு.

நவ. 11, செவ்வாய்

புடவை அயர்ன் பண்ண நேரமாகிவிட்டது. ஓடினேன். பஸ் நகர ஆரம்பித்திருந்தது. படிக்கட்டு வரை ஜனம். ரிட்டயராகி எங்கும் போக வேலையில்லாத ரங்கநாதன் சார், நேற்றைய மாலையோடு முன்சீட்டில். கார் வைத்திருக்கும் அக்கா மகன்கூட கம்பியில் தொங்குகிறான். ஜன்னலில் மாலதி அக்கா: "ஸ்டெல்லா, கர்ச்சீப் போட்டு சீட்டு புடிச்சு வச்சிருக்கேன், ஏறு!" எங்கே ஏறுவது? சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. கண்டக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டு கையை ஆட்டினார்.

"பின்னாடி வண்டி காலியா வருதும்மா, அதுல வா!"

எங்கள் காலனிக்கு இருப்பதே இந்த ஒரு வண்டி. இருந்தாலும் திரும்பிப் பார்த்தேன்.

வந்தது. இவர், ஸ்கூட்டரில்.