தண்ணீர் லாரிக்காரனிடம் நீ கேட்டது

நேற்று செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரும் பேருந்தில், அக்கா, உன் குரல் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. நீ போய்ச் சேர்ந்து சில மாதங்களாகிவிட்டன. திடுக்கிட்டுத் திரும்பினேன். கல்லூரிப் பையன்கள் இருவர் ஒரே போனுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு சிரித்தார்கள். "ஆன்ட்டி வேற லெவல் ப்ரோ!"

உன் மகன் கார்த்தி எடுத்த அதே வீடியோ. தண்ணீர் லாரி வராமல் நம் தெருவே குடங்களோடு காய்ந்து கிடந்த வாரம் அது. கடைசியில் வந்து சேர்ந்த டிரைவரை மறித்து நின்று நீ கேட்டாய்: "கடலாண்ட குந்திகினு கீறோம், குடிக்க ஒரு சொட்டு இல்ல. புள்ளைங்க இன்னாத்த குடிக்கும்? நீயே சொல்லு நைனா." அவன் இறங்கிவந்து குழாயைத் திறந்தான். கடைசிக் குடம் நிரம்பும்வரை லாரி நகரவில்லை.

சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் சம்பளம் வாங்குகிற உன் மகனுக்கு அதில் தாகம் தெரியவில்லை. 'கீறோம்' மட்டும் காதில் விழுந்தது. சிரிக்கிற பொம்மைகளை ஒட்டி, "மை மாம், செம ஃபன்" என்று எழுதிப் போட்டான். பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தண்ணீர் கிடைத்ததா என்று ஒருவராவது கேட்டிருப்பார்களா?

மார்க்கெட்டில் யாரோ ஒருத்தி, "இன்னாத்த குடிக்கும் ஆன்ட்டி?" என்று உன் முகத்துக்கு நேராக இளித்தபோதுதான் உனக்கு விஷயம் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கேட்டாய்: "என் வாய வித்துட்டியாடா?"

"ஜாலிக்குத்தாம்மா. சில் பண்ணு."

நீ திட்டவில்லை. அன்றிலிருந்து அவனிடம் மட்டும் வானொலிச் செய்தி வாசிப்பவர் மாதிரி பேச ஆரம்பித்தாய். "மகனே, உணவு ஆயத்தமாக உள்ளது. அமர்க." சோற்றுத் தட்டோடு சிரித்ததில் எனக்குப் புரையேறியது. அவன் நெளிந்தான். "ஐயோ, க்ரிஞ்சா இருக்கும்மா."

வெட்கம், கோபம், அருவருப்பு எல்லாவற்றுக்கும் அவனிடம் அந்த ஒரே சொல்தான். இங்கிலீஷ் கலக்கிறான் என்பதல்ல என் எரிச்சல். நீ சொல்லும் நைனா தெலுங்கு, நாஸ்தா உருது, லாரி இங்கிலீஷ். எங்கிருந்து வந்த சொல்லாக இருந்தாலும் அதை வைத்து நீ ஒரு தெருவுக்குத் தண்ணீர் வாங்கினாய். இவர்கள் வைத்திருப்பதோ மென்று துப்பிய பத்துப் பதினைந்து சொற்கள். பிறந்தநாளா, விபத்தா, பிரியாணியா, எல்லாவற்றுக்கும் அதுவே போதும் என்கிறார்கள். அந்த வறுமைக்கு மேல் ஒரு திமிர் வேறு.

மாரடைப்பில் நீ போன அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து உன் உடல் வீடு வந்து சேருமுன்னே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது: "ஆர்ஐபி அம்மா. மிஸ் யூ." பெற்றவளுக்கு அவ்வளவுதான். கீழே கைகூப்பும் பொம்மைகள், "ஸ்டே ஸ்ட்ராங் ப்ரோ". காரியம் முடிவதற்குள் பழைய வீடியோவுக்குச் சோக இசை சேர்த்து மறுபடியும் போட்டான். உன் கோபத்துக்கு வயலின்! அதைத்தான் பேருந்தில் அந்தப் பயல்கள் பார்த்தார்கள்.

அவனை அடியோடு வெறுத்திருப்பேன். ஆனால் உன்னைத் தூக்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன். வாசல்வரை கூடவே வந்தவன், பாடையின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கத்தினான்: "யம்மா, எங்கம்மா போய்கினு கீற? என்னாண்ட ஒரு வார்த்த பேசிட்டுப் போம்மா!"

அவனுடைய ஆபீஸ் நண்பர்கள் சுற்றி நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை, யார் கையும் போனைத் தேடவில்லை. அதனால் அந்தக் குரல் எதிலும் பதிவாகவில்லை. என்னிடம் மட்டும் இருக்கிறது, அக்கா.