நீ பெல்ட்டைக் கழற்றவில்லை

மாப்ள,

காளவாசல் சிக்னலில் புதிதாக ஒரு விளம்பரப் பலகை வைத்திருக்கிறார்கள். அதில் ஒருவன் நிற்கிறான். தலையில் மஞ்சள் ஹெல்மெட், தோளிலும் இடுப்பிலும் பாதுகாப்பு பெல்ட், கையில் சோலார் பேனல், வாய் நிறையச் சிரிப்பு. கீழே நம் காண்ட்ராக்டரின் செல் நம்பர். நேற்று அதைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டிவிட்டேன்.

ஐந்து வருடம் நாம் இருவரும் ஒன்றாகக் கூரை ஏறினோம். சட்டம் பூட்டிப் பேனல் மாட்டுவது நீ, ஒயரிங் நான். அத்தனை வருடத்தில் அப்படி ஒரு பெல்ட்டை நாம் கண்ணால் கண்டதில்லை.

மானியம் வந்த பிறகு எல்லாருக்கும் சோலார் ஆசை வந்துவிட்டது. திருநகரில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளாக ஏறி இறங்கினோம். அங்கே ஒரு வீட்டுக்கார அம்மா, நிழல் விழுகிறது என்று தென்னையை வெட்டச் சொன்னார். "மரம் பாட்டுக்கு நிக்கட்டும்மா, நாங்க நகட்டி மாட்டிக்கிறோம்" என்று நீ பூட்டிய சட்டத்தை எல்லாம் கழற்றினாய். ஒரு நாள் வேலை இரண்டு நாளானது. அன்றைக்கு உன்னைக் கண்டபடி வைதேன்.

ஊருக்குள் எல்லா வீட்டிலும் பல்பு எரிந்த பிறகுதான் உங்கள் தெருவுக்குக் கரண்டுக் கம்பம் வந்தது என்று சொல்லியிருக்கிறாய். அதனால்தானோ என்னவோ, வேலை முடிந்து மீட்டர் ஓட ஆரம்பித்தால் நீ மட்டும் கொஞ்ச நேரம் அதன் முன்னால் நிற்பாய். "இம்புட்டு நாளா இந்த வெயில வஞ்சுக்கிட்டே கெடந்தோம். இனி அது ஒழைக்கட்டும் மாப்ள."

சோழவந்தான் பக்கத்து அரிசி ஆலையில், காலையில் ஏறுவதற்கு முன்பும் நீ காண்ட்ராக்டரிடம் கேட்டாய்.

"அண்ணே, பெல்ட்டு கேட்டிருந்தேனே?"

"ஆர்டர் போட்டாச்சுப்பா. வரும். நீ ஏறு."

தகரக் கூரை. நடுநடுவே வெளிச்சத்துக்காகப் பிளாஸ்டிக் தகடு பதித்திருந்தார்கள். வருடக்கணக்கில் உமித்தூசி படிந்து, தகரம் எது, பிளாஸ்டிக் எது என்று தெரியவில்லை. ஸ்பேனர் கேட்டு என் பக்கம் திரும்பி ஒரு எட்டு வைத்தாய். அடுத்த நொடி நீ நின்ற இடத்தில் ஓட்டைதான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் என் மடியிலேயே போய்விட்டாய்.

இனி நான் சொல்வது உனக்குத் தெரியாது.

நான் ஆலைக்குத் திரும்பியபோது காண்ட்ராக்டர் ஒரு புது பெல்ட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக்கொண்டிருந்தார். அதைத் தரையில் போட்டு, காலால் தேய்த்து அழுக்காக்கி, நீ விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்தார். பிறகு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"கூட இருந்தவன் நீதான். பெல்ட்டு குடுத்தோம், அவன்தான் கழட்டிப் போட்டுட்டு ஏறுனான்னு ஒரு கையெழுத்துப் போடு. ஒலகமே சோலாருக்கு மாறிக்கிட்டிருக்கு. ஒருத்தன் விழுந்ததுக்காக எல்லாரும் பொழப்ப விட முடியுமா?"

போட்டேன். அந்த டீயையும் குடித்தேன். மூன்றாம் நாள் அதே கூரையில் மிச்சப் பேனல்களை மாட்டவும் போனேன். அந்த ஆளை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. என்னை நினைத்தால் அதைவிட.

காரியம் முடிந்த அன்று உன் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணே, அவரே பெல்ட்டக் கழட்டிப் போட்டுட்டாராமே? வண்டியில போனாக்கூட ஹெல்மெட்டு இல்லாம ஏற மாட்டாரே. நீங்க பாத்தீகளா?"

தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. எட்டாம் நாள் திரும்பப் போனேன்.

"பெல்ட்டே குடுக்கல தங்கச்சி. நான்தான் பொய்க் கையெழுத்துப் போட்டேன்."

அவள் அழவில்லை, திட்டவில்லை. செருப்பை மாட்டினாள். "இத எங்க சொல்லணுமோ அங்க வந்து சொல்லுங்க" என்றாள். அன்றே இருவரும் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். பழைய வாக்குமூலம் பொய் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாளே எனக்கு வேலை போனது.

விசாரணை இன்னும் நடக்கிறது. அந்த ஆள் பலகை வைத்து வியாபாரம் செய்கிறார். ஆலைக் கூரையில் நீ பூட்டிய சட்டங்கள் உறுதியாகத்தான் நிற்கின்றன, கரண்டும் வருகிறது. வெயில் மேல் எனக்குக் கோபமில்லை. இப்போது நான் வேறு ஒருவரிடம் வேலை பார்க்கிறேன். பெல்ட் இல்லாமல் ஏற மாட்டேன் என்பேன். "ஒனக்கு மட்டும் என்னப்பா இம்புட்டுப் பயம்?" என்பார்கள். ஆமாம், பயம்தான் என்பேன். வேறு யாரும் என் கண்ணெதிரே அப்படி ஏறவும் விடுவதில்லை.

விசாரணைக்கு அழைக்கும்போதெல்லாம் உன் மனைவியும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். கேட்டதற்குப் பதில் சொல்வாள். தண்ணீர் பாட்டிலைக்கூட நீட்டுவாள். ஆனால் நான் உண்மையைச் சொன்ன நாளுக்குப் பிறகு அவள் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. கூப்பிடு என்று கேட்க எனக்கு வாய் வரவுமில்லை.