தூக்க மாத்திரையின் ஆபத்தை ஊரறியச் சொல்லக் கோரி

அனுப்புநர்:
க. வெள்ளத்தாய்,
பேண்டேஜ் துணித் தறித் தொழிலாளி,
ராஜபாளையம்.

பெறுநர்:
உயர்திரு சுகாதார அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், ராஜபாளையம்.

பொருள்: தூக்க மாத்திரை அளவு மீறினால் உயிருக்கு ஆபத்து என்பதைப் பொதுமக்களுக்கு அறிவிக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் கணவர் கருத்தையா பஞ்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர். பகலில்தான் தூங்க வேண்டும். பங்குனிப் பொங்கலுக்குத் தெருவில் கட்டிய ஒலிபெருக்கி, அந்தக் குழாய் ரேடியோ, எங்கள் ஜன்னலைப் பார்த்தே வாயைத் திறந்திருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு கடையில் தூக்க மாத்திரை வாங்கினார். ஒரு மாத்திரைக்குத் தூக்கம் வரவில்லை. ரேடியோவைக் குறைக்கச் சொல்லக் கூச்சப்பட்ட மனிதர், மாத்திரையைக் கூட்டக் கூச்சப்படவில்லை. அட்டையே காலி.

மதியச் சாப்பாட்டுக்குத் தறியிலிருந்து வந்த நான் உலுக்கியும் அவர் எழவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. என் சத்தத்தில் தெருவே கூடியது. உப்புத் தண்ணீர், மோர், கடுங்காப்பி என்று ஆளுக்கொரு டம்ளரோடு வந்தார்கள். விழுங்கும் நிலையில் அவர் இல்லாததால் ஒன்றையும் ஊற்ற விடவில்லை. பக்கத்து வீட்டு ஆவுடையப்பன் அண்ணாச்சி, "ஏத்தா, மாத்திரைன்னு சொல்லிராத. போலீஸ் கேசாயிரும். வயித்துவலின்னு சொல்லு" என்றார். "பேச்சு மூச்சில்லாம கெடக்காரு. வயித்துவலின்னு யாரு அண்ணாச்சி சொன்னதாம்?" என்று கேட்டுவிட்டு, டாக்சியில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் காலி அட்டையைக் காட்டி உள்ளதைச் சத்தமாகச் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் சேத்தூர்ப் பெண் ஒருத்தி மயங்கிக் கிடந்தாள். அதுவரை 'வயிற்றுவலி' என்றே சொல்லிக்கொண்டிருந்த அவள் தகப்பனார், டாக்டர் கையைப் பிடித்து, "எம்மவளும் மாத்திரைதான்யா முழுங்கிட்டா" என்று உடைந்து அழுதார். அதன் பிறகே அவளுக்குச் சரியான வைத்தியம் நடந்தது. இருவரும் பிழைத்தார்கள். கண் விழித்ததும் என் கணவர் கேட்டது, "ரேடியோவ நிறுத்திட்டாகளா?" அழுவதா அடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, சீட்டில்லாமல் இம்மாத்திரை விற்பதைத் தடுக்க ஆவன செய்ய வேண்டும். சினிமாக் கொட்டகைத் திரையில் எச்சரிக்கைச் சிலைடும் போட வேண்டும். இடைவேளையில் வேண்டாம் ஐயா, எல்லோரும் முறுக்கு வாங்கப் போய்விடுவார்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதே, ஒருக்களித்துப் படுக்க வை, அட்டையோடு உடனே ஆஸ்பத்திரிக்கு வா, உண்மையைச் சொல் என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

ஆலை வாசலில் கூட்டம் போட்டால் நான் பேசத் தயார். சேத்தூர்ப் பெண்ணின் தகப்பனாரும் வந்து பேசுவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவருக்கு வந்திருக்கும் தைரியம் ஆறிப்போவதற்குள் தேதி குறித்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: ராஜபாளையம்
நாள்: 9.5.1988

இப்படிக்கு,
க. வெள்ளத்தாய்